இதுவா, அதுவா

இடது கால் மரத்துப்போய்விட்டது. கடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இருபதாவது நிமிஷம் இது நடக்கும், இருபத்தெட்டு வருஷமாக நடக்கிறது, முதலில் சுண்டுவிரல், அப்புறம் பாதம், அப்புறம் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லலாம், இவர்கள் வந்து இருபது நிமிஷம், மணி ஒன்பது ஐம்பது. கடிகாரம் எனக்கு எதிரே, அவர்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. பட்டு செக்‌ஷனில் எப்போதும் அப்படித்தான், நேரம் போவது விற்கிறவனுக்குத் தெரியலாம், வாங்குகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. இன்றைக்கு எல்லோருக்குமே தெரியும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். "பத்தரைக்குள்ள எடுத்துறணும் சம்பந்தி, பில்லும் போட்றணும்" என்று தனபாக்கியம் அம்மாள் படியேறும்போதே சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தாயார். முகூர்த்தப் பட்டை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும், ஆனால் பெண்ணுக்குப் பிடித்ததை எடுக்க வேண்டும், அது வழக்கம். பெண் என் பெண். வாசுகி. தனபாக்கியம் அம்மாளுக்கும் என் மனைவி பேச்சியம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை முரளிதரன் ஓரத்து நாற்காலியில். காட்டுகிறவன் நான். வேறு யாராவது காட்டட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "விளக்குத்தூண் கடைத்தெருவுல உங்களை விட்டா யாரு சம்பந்தி பட்டு காட்டுறது, நீங்களே காட்டுங்க" என்று உட்காரவைத்துவிட்டார். அதற்கு நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அரக்கில் பச்சைக் கரை போட்டதை உதறி விரித்தேன். கை தானாக விரிக்கும். கை விரித்துக்கொண்டிருக்கும்போது நான் வேறு எங்காவது இருக்கலாம், இந்த வேலையில் உள்ள ஒரே சுகம் அதுதான்.

எல்லோரும் புடவையைப் பார்ப்பார்கள், நான் கண்ணைப் பார்ப்பேன். வாய் சொல்வதை நம்பிப் புடவை விற்றவன் எவனும் இந்தத் தெருவில் உருப்பட்டதில்லை. வாய் "அந்த மாம்பழ மஞ்சளை எடுங்க" என்னும், அதற்குள் கண் மயில்கழுத்துப் பக்கம் ஒருமுறை போய் வந்திருக்கும். ஒருமுறை போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது, நிறம் இழுத்திருக்கும். இரண்டாவது முறை போனால் விலைச்சீட்டைத் தேடும். நடுவில் நான் நாலு புடவையை விரிப்பேன், நாலையும் பார்ப்பாள், தடவுவாள், பக்கத்தில் இருப்பவளிடம் நல்லாருக்குல்ல என்பாள், அப்புறம் மூன்றாவது முறையாகக் கண் அடியில் கிடக்கிற மயில்கழுத்துக்குப் போகும். போய் நிற்கும். நின்றால் முடிந்தது. அவளுக்கே இன்னும் தெரியாது, இன்னும் கால்மணி நேரம் அதையும் இதையும் எடுக்கச்சொல்லி என் முழங்காலை வாங்குவாள், ஆனால் எனக்குத் தெரியும். சொக்கண்ணனுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ என்பார்கள் மற்ற சேல்ஸ்மேன்கள். எப்படியும் இல்லை, பார்க்கிறேன், அவ்வளவுதான். வாசுகியின் கண்ணைப் பார்த்தேன். அரக்கின்மேல் இருந்தது. எங்காவது இருந்தாக வேண்டுமே என்று இருந்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் வெளியே பார்ப்பார்களே அப்படி. அரக்குக்கு மேல் கிளிப்பச்சையை விரித்தேன், கண் நகரவில்லை, அரக்கு இருந்த இடத்திலேயே இப்போது கிளிப்பச்சை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளிப்பச்சைக்கு மேல் வெங்காயக் கலர். "ஜரிகை கனமா இருக்கு, ஆனா பாப்பா நிறத்துக்கு எடுக்காது" என்றாள் பேச்சி. வாசுகி தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. ஒருமுறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

போன ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் முதலாளி மகன் ஏதோ காலேஜிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தான். வாங்க வருகிறவர்களுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள், அதில் குட்டியாக கேமரா, கண் எங்கெங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளியாக விழும். ஒரு வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது, கல்யாணப் பெண்கள் எல்லாம் வெல்டிங் பட்டறையில் நிற்கிற மாதிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டுப் பார்த்தார்கள். கடைசி நாள் எனக்கும் காட்டினார்கள். இரண்டு புடவை. புள்ளி இங்கே போகிறது, அங்கே போகிறது, இங்கே, அங்கே, கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே குவிகிறது, அதற்கு அப்புறம்தான் அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள். "வாய் சொல்றதுக்கு முன்னாடியே கண்ணு முடிவு பண்ணிருதுண்ணே" என்றான் அதில் தாடி வைத்தவன், பெரிய ரகசியத்தைச் சொல்கிறவன் மாதிரி. இதுக்கா இவ்வளவு மிஷின் என்று கேட்டேன். சிரித்தான். அப்புறம் அவன் சொன்னதுதான் இன்னும் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. "பிடிச்சதனால பாக்குறாங்கங்கிறது பாதிதாண்ணே. பாத்ததனால பிடிச்சுப்போறது மீதிப் பாதி. ஒண்ணைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பாக்க வச்சீங்கன்னா, அதையே கேப்பாங்க." நான் டீ குடிக்கப் போய்விட்டேன். ஏனென்றால் அதுதான் நான் செய்வது. எதைத் தள்ளிவிட வேண்டுமோ அதை மடிக்காமல் என் மடியிலேயே போட்டிருப்பேன், பேசிக்கொண்டே முந்தியைத் தடவிக்கொண்டிருப்பேன், கை போகிற இடத்துக்குக் கண் வரும், கண் வந்துகொண்டே இருந்தால் அது அவளுடையதாகிவிடும். அப்படி எத்தனை பேர் என் கையில் இருந்ததைத் தன் மனசில் இருந்ததாக நினைத்துக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்று தெரியாது. புடவைதானே. புடவைக்கு என்ன.

"சம்பந்தி, அந்த மாம்பழ மஞ்சளைக் காட்டுங்க, அரக்கு கரை போட்டது" என்றார் தனபாக்கியம் அம்மாள். காட்டினேன். நல்ல புடவை, குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையையும் அப்படித்தான் சொன்னேன், குறை சொல்ல முடியாது என்று. ஓசூரில் கம்பெனி வேலை, குடி கிடையாது, ஜாதகம் பொருந்தியது, பெண் பார்க்க வந்த அன்று கேசரித் தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்த பையன். வாசுகியிடம் நான் வேணுமா வேணாமா என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது கடையில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் பழகிவிடும், வேணுமா என்று கேட்டால் வேணாம் என்று சொல்ல ஒரு வழி திறந்துவிடும், இதுவா அதுவா என்றுதான் கேட்க வேண்டும், அப்போது எதைச் சொன்னாலும் வாங்குவது உறுதி. நான் கேட்டது, "தையில வைக்கலாமா பாப்பா, மாசியில வைக்கலாமா?" அதற்கும் பதில் வரவில்லை என்றதும்தான் மாப்பிள்ளை போட்டோவை எடுத்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். எந்த உயரத்தில் ஒட்டுவது என்று நின்று யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் கண் மட்டத்துக்கு, கைப்பிடிக்குப் பக்கத்தில். காலையில் பால் எடுக்க, வேலை பார்க்கிற லேபுக்குப் போகும்போது தண்ணீர் எடுக்க, வந்ததும் மாவு எடுக்க, ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது அந்தப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க முடியும். மூன்றாம் நாள் அவள் இடது கையால் பக்கவாட்டில் நின்று திறக்கப் பழகிவிட்டாள். நான் போட்டோவை ஒரு ஜாண் தள்ளி ஒட்டினேன். பேச்சிகூடக் கேட்டாள், ஏங்க அதை அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திக்கிட்டே இருக்கீகன்னு. ஒன்பதாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே வாசுகி "தையிலயே வைங்கப்பா" என்றாள். பேச்சி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் சர்க்கரை எடுத்துவரப் போனேன். போவதற்கு முன்னால் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியாது, இந்தக் கண் பழக்கம் அப்படி. சொல்லும்போது அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் குழாயைத்தான். முன்பின் தெரியாதவர்களை மூன்று மடிப்புக்குள் படித்துவிடுகிற நான், அன்றைக்குச் சர்க்கரை டப்பா எங்கே என்று தேடினேன். அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

மணி பத்து ஐந்து. முரளிதரன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நடுவில் அம்மா கேட்டால் நிமிர்ந்து "அவங்களுக்குப் பிடிச்சதை எடுங்கம்மா" என்கிறான், திரும்பக் குனிகிறான். நல்ல பையன். கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று இருக்கிறதா என்று பேச்சி கேட்டாள். இருக்கிறது, நான் எடுக்கவில்லை. தீர்ந்துபோச்சு என்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மெத்தையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், வாசுகியைவிடச் சின்னவள், மேலூர்ப் பக்கத்துக் குடும்பம், கூட எட்டுப் பேர். அவள் கண் புடவைக்கே வரவில்லை. படிக்கட்டுக்குப் போகும், வரும், படிக்கட்டுக்குப் போகும். நான் என்ன செய்தேன், கத்திரிப்பூவை அவள் மடியில் போட்டுவிட்டுப் படிக்கட்டை மறைக்கிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். போவதற்கு இடமில்லாமல் கண் மடியில் விழுந்தது. "பொண்ணு அதையேதான் பாக்குது பாருங்க" என்றேன். எட்டுப் பேரும் பார்த்தார்கள், ஆமாம் என்றார்கள், அஞ்சு நிமிஷத்தில் பில். அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் அம்மா தனியாக வந்து நின்றாள், புடவைப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. முகூர்த்தப் பட்டைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். "மாத்தி என்னத்தய்யா எடுக்க" என்றாள், என்னிடம் கேட்கவில்லை, அந்தப் பெட்டியிடம் கேட்டாள். கல்யாணம் நடக்கவில்லை என்று புரிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் எங்கே என்று கேட்கவில்லை. இருக்கிறாளா என்று கேட்கவில்லை. இரண்டு காட்டன் புடவையும் வேட்டிகளும் கொடுத்து அனுப்பினோம், கத்திரிப்பூ ரேக்குக்குப் போனது, அடுத்த வெள்ளிக்கிழமை நானே அதை இன்னொருத்திக்கு விற்றேன். அதில் எனக்கு ஒரு உறுத்தலும் அன்றைக்கு இல்லை, இன்றைக்கும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி, கிள்ளுவது தெரிகிறது, வலி வரவில்லை. ஆனால் கத்திரிப்பூவை எடுக்க மட்டும் கை போகவில்லை. அந்த அம்மாவின் முகம் மறந்துவிட்டது, அந்தப் பெண்ணின் முகமும் மறந்துவிட்டது, படிக்கட்டுக்குப் போய்ப்போய் வந்த கண் மட்டும் அப்படியே இருக்கிறது. "தீர்ந்துருச்சா, அந்தா மேல ஒண்ணு தெரியுதே" என்றாள் பேச்சி. அது வேற என்றேன். வாசுகி என்னைப் பார்த்தாள். இது இரண்டாவது. இந்த முறை ஒரு நொடிக்கு மேல் இருந்தது, நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன், எடுத்து விலைச்சீட்டைத் திருப்பி வைத்தேன்.

யாரையாவது மனசில் வைத்திருக்கிறாளா என்று பேச்சி துருவித் துருவிக் கேட்டுவிட்டாள், இல்லை. லேபில் யாராவது, இல்லை. மேலே படிக்கணுமா, இல்லை. அப்புறம் என்னதான் என்றால் அவளுக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். பிடிக்காததற்குக் காரணம் கேட்கிற கடையை நான் பார்த்ததில்லை, பிடிக்கவில்லை என்றால் அடுத்ததை விரிப்போம். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. என் தங்கை திருச்சியிலிருந்து நாலு நாள் முன்னாலேயே வருவதாக டிக்கெட் போட்டுவிட்டாள். முதலாளி பித்தளைக் குத்துவிளக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை பேர் ஒரு பக்கம், ஒரு பெண்ணின் கண் ஒரு பக்கம். பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்றும் தெரிகிறது, பயம்தான் வரவில்லை. ரேக்கிலிருந்து அடுத்ததை இழுத்தேன். கை விரித்தது. ஏசி சத்தம் கேட்டது. கீழே யாரோ பிளவுஸ் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், கிழித்த பிறகு யாரும் மனசு மாற முடியாது. மணி பத்து பதினெட்டு. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் நான் இப்படியே விரித்துக்கொண்டிருந்தால் பத்தரை தாண்டிவிடும், இன்றைக்கு வேண்டாம், திங்கட்கிழமை வரலாம் என்பார்கள். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம், ஒன்பதுக்கு மேல் நல்ல நேரம். திங்கட்கிழமையும் இதே கண்தான் வரும்.

"எல்லாத்தையும் பாத்தாச்சு சம்பந்தி, நேரம் ஆகுது" என்று தனபாக்கியம் அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "முதல்ல காட்டுனீகளே அந்த அரக்கு, இல்லன்னா இந்த மாம்பழ மஞ்சள். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வாசுகி, கண்ணாடி முன்னாடி வந்து நில்லுத்தா. இதுவா அதுவா, சட்டுனு சொல்லு." என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது, எனக்கு அது அந்நியமாக இருந்தது, ரேடியோவில் யாரோ பேசுகிற மாதிரி. அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு மருமகளுக்கு நல்லதாக ஒன்று எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசுகி எழுந்து போய் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றாள். போர்த்திவிடுவது என் வேலை. எழுந்தேன், இடது கால் இருக்கிறது என்று நினைத்து ஊன்றினேன், இல்லை, ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாத்துங்க மாமா" என்றான் முரளிதரன். ஒரு கையால் ரேக்கைப் பிடித்துக்கொண்டே மாம்பழ மஞ்சளை அவள் இடது தோளில் போட்டு முந்தியை முன்னால் விட்டேன். கண்ணாடி முன்னால் நிற்கிற பெண்கள் முதலில் கரையைப் பார்ப்பார்கள், அப்புறம் தன் முகத்தை, அப்புறம் முகத்தோடு சேர்த்துப் புடவையை, அப்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், அது வருவது அவர்களுக்கே தெரியாது, அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் முழங்காலைக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். வாசுகி கரையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் எனக்கு நேராக வந்து நின்றது கண். நின்றது. போகவில்லை. மூன்று.

பத்து இருபத்தாறு. "சொல்லுத்தா, இதுவா அதுவா" என்றார் தனபாக்கியம் அம்மாள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, விலை சொல்கிற குரல். "பாப்பா, புடவைய விடு. இந்தக் கல்யாணம் உனக்கு வேணுமா, வேணாமா?" பேச்சி "ஏங்க, என்னங்க பேசுறீக" என்று எழுந்ததும், தனபாக்கியம் அம்மாள் கையிலிருந்த அரக்கு மெத்தையில் சரிந்ததும் எனக்குத் தெரிந்தது. நான் அவள் கண்ணை விடவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரிடமும் நான் கேட்டதில்லை, கேட்டால் என்ன ஆகும் என்றும் தெரியாது. வாசுகியின் கண் எங்கும் தேடவில்லை, படிக்கட்டுக்குப் போகவில்லை, குழாய்க்குப் போகவில்லை. "வேணாம்ப்பா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பத்திரிகை அடிச்சாச்சுய்யா!" என்றார் தனபாக்கியம் அம்மாள், "ஊரெல்லாம் சொல்லியாச்சு, கடைக்குக் கூட்டியாந்து வச்சு இப்படி அசிங்கப்படுத்துறீகளே, இதை அன்னைக்கே கேட்டிருக்கக்கூடாதா நீங்க?" கேட்டிருக்க வேண்டும். "தப்பு என்மேலதான் சம்பந்தி" என்றேன், சம்பந்தி என்று சொல்லலாமா இனிமேல் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. சம்மதிக்க வச்சது நான்தான்." முரளிதரன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்தான், அன்றைக்கு முதல் தடவையாக வாசுகியை நேராகப் பார்த்தான். "இப்பவாச்சும் கேட்டீகளே மாமா" என்றான். அம்மாவின் தோளைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனான். பேச்சி அழ ஆரம்பித்தாள். மற்ற சேல்ஸ்மேன்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ரேக்கை அடுக்கத் தொடங்கினார்கள். நான் வாசுகியின் தோளிலிருந்து மாம்பழ மஞ்சளை எடுத்தேன். வாங்கவில்லை என்று தெரிந்தால் உடனே மடிக்க ஆரம்பித்துவிட வேண்டும், அதுவும் கடைப் பழக்கம்தான். ஆறு கஜத்தை நின்றுகொண்டு ஒற்றை ஆள் மடிக்க முடியாது, எனக்கு உட்காரவும் முடியவில்லை. வாசுகி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள், கரையோடு கரை சேர்த்தாள், என் பக்கமாக வந்து முனையை என் கையில் கொடுத்தாள், மடிப்பை நீவிக்கொண்டு திரும்பப் போனாள். அப்போதுதான் இடது காலில் ரத்தம் இறங்கியது. முதலில் ஊசி ஊசியாகக் குத்தியது, அப்புறம் நன்றாகவே வலித்தது, நான் ஆ என்று கத்திவிட்டேன்.